ஷேட், எல்ஃப், உல்லம்: டர்பன் மீன் ஒன்றின் பெயர்க் கணக்கு

கேள்வி இது: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆயா காலத்திலிருந்து ‘ஷேட்’ என்று சொல்லிக் குழம்பு வைக்கிற மீனைக் கேப் டவுன்காரர்கள் ‘எல்ஃப்’ என்கிறார்கள். ஷேட் என்பதற்குத் தமிழ் தேடினால் ‘உல்லம்’ என்று வருகிறது. மூன்றும் ஒரே மீனா? சென்னையில் இருக்கும் உறவுக்காரர்களிடம் இதை என்ன பெயர் சொல்லி விளக்குவது?

முதலில் நேரடியான பதில். டர்பன் ஷேட்டும் கேப் எல்ஃப்பும் ஒரே மீன்தான்; அறிவியல் பெயர் போமட்டோமஸ் சால்ட்டாட்ரிக்ஸ். உல்லம் முற்றிலும் வேறு மீன், குடும்பமே வேறு. ஆனால் ‘ஷேட்’ என்ற சொல்லுக்கு உண்மையான உரிமை யாருக்கு என்று கேட்டால் அது உல்லத்துக்குத்தான். நம் டர்பன் மீன் இரவல் பெயரில் நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதுவும் ஒரு முறை இரவல் அல்ல, இரு முறை: எல்ஃப் என்ற பெயரும் உல்லத்தின் உறவுக்காரனிடமிருந்து வாங்கியதே.

ஐரோப்பாவில் அலோசா என்று ஒரு மீன் இனம் உண்டு. மத்தி, உல்லம் எல்லாம் சேர்ந்த வகையைச் சேர்ந்தது. வெள்ளி நிறம், வயிற்று விளிம்பு அரம் போல, சதை முழுக்க நுண்முள். கடலில் வளர்ந்து, வசந்தத்தில் முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வரும். ரைன், மொசெல் போன்ற ஆறுகளில் ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக ஏறிற்று. 4ஆம் நூற்றாண்டில் மொசெல் ஆற்றைப் பாடிய லத்தீன் கவிஞர் அவுசோனியஸ், அடுப்பில் சீறுகிற இந்த மீனை எளிய மக்களின் உணவு என்று குறித்து, ‘அலௌசா’ என்று பெயரையும் தருகிறார். பிரெஞ்சில் அது ‘அலோஸ்’, ஜெர்மனில் ‘அல்சே’. டச்சுக்காரர்கள் இதே மீனை ‘எல்ஃப்ட்’ என்றார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு வேறு வேர். பழைய ஆங்கிலத்திலேயே ‘ஷெஆட்’ என்ற வடிவம் உண்டு. அதுதான் இன்றைய ஷேட். அயர்லாந்து மொழியில் ‘ஸ்கடான்’ என்றால் ஹெர்ரிங் மீன். வெல்ஷ் மொழியிலும் அதையொட்டிய ஒலியில் ஒரு சொல் இருக்கிறது. இங்கிலாந்தில் பெரிய வகை ஷேட்டுக்கு ‘அல்லிஸ் ஷேட்’ என்று பெயர். அல்லிஸ் என்பது பிரெஞ்சு அலோஸின் தேய்ந்த வடிவம். ‘நடு சென்டர்’ என்று நம்மவர்கள் சொல்கிற மாதிரிதான் இதுவும்.

ஆக, டச்சு எல்ஃப்ட்டும் ஆங்கில ஷேட்டும் ஐரோப்பாவில் ஒரே மீனைக் குறித்த இரண்டு சொற்கள். இரண்டும் தனித்தனியே தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி, ஒன்று கேப் கரையிலும் மற்றது டர்பன் இருக்கும் நேட்டால் கரையிலும் இறங்கி, அங்கே வேறொரு மீனின் மேல் போய் ஒட்டிக்கொண்டன. ஒட்டியது ஒரே மீனின் மேல் என்பதுதான் இதில் சுவாரசியம்.

கேப்பில் டச்சுக் கம்பெனியின் குடியிருப்பு 1652இல் தொடங்கியது. புதுக் கடலில் கிடைத்த மீன்களுக்கெல்லாம் அவர்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். ‘ஸ்னூக்’ என்பது ஹாலந்தில் குளம் குட்டைகளில் வாழும், நீண்ட மூக்குள்ள நன்னீர் வேட்டை மீன். கேப்பில் அது தைர்சைட்டஸ் அடூன் என்ற கடல் மீனுக்குப் போயிற்று. ‘கபெல்யௌ’ என்பது வடகடலின் காட் மீன். இங்கே அது கத்தாழை வகையைச் சேர்ந்த பெரிய மீனுக்குப் பெயராகி, பிறகு ஆங்கில வாயில் ‘கோப்’ என்று சுருங்கிற்று. எல்லாமே பிசகியது என்று சொல்ல முடியாது: ‘ஹார்டர்’ என்றால் ஹாலந்திலும் மடவை, கேப்பிலும் மடவை. பழக்கமான மீன் கிடைத்த இடத்தில் பெயர் சரியாக உட்கார்ந்தது. கிடைக்காத இடத்தில், பார்க்க எது போல இருந்ததோ அதன் பெயர்.

எல்ஃப்ட்டில் ‘ட்’ எங்கே போயிற்று என்றால், தென்னாப்பிரிக்காவில் டச்சிலிருந்து பிறந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியில் சொல்லின் கடைசியில் இன்னொரு மெய்க்குப் பின்னால் வரும் ‘ட்’ உதிர்வது வழக்கம். கரை என்ற பொருளுள்ள டச்சு ‘கஸ்ட்’, ஆஃப்ரிகான்ஸில் ‘கஸ்’. அதே போல எல்ஃப்ட், எல்ஃப். பதினொன்று என்ற எண்ணுக்கும் ஆஃப்ரிகான்ஸில் எல்ஃப் என்றே பெயர். ஆங்கிலத்திலோ எல்ஃப் என்றால் குட்டிச்சாத்தான் வகையறா. இவற்றைப் பிடித்துக்கொண்டு ‘பதினொரு முள்’ என்றும் ‘சாத்தான் போலத் துள்ளும்’ என்றும் கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மீனின் முதல் முதுகுத் துடுப்பில் முள் 7 அல்லது 8தான்.

நேட்டால் கதை பிந்தியது. ஆங்கில வணிகர்கள் 1824இல் வந்திறங்கினார்கள். 1843இல் அது பிரிட்டிஷ் ஆட்சிக்குள் போயிற்று. குடியேறிகள் கூட்டமாக வந்தது 1849க்குப் பிறகு. அவர்கள் இதே மீனை ஷேட் என்றார்கள். கேப்பில் எல்ஃப் என்று கேட்டதை ஆங்கிலத்தில் பெயர்த்திருப்பார்கள் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். எனக்கு அது அளவுக்கு மீறிச் சுத்தமாகத் தெரிகிறது. கரையில் நிற்கிற தூண்டில்காரர் அகராதி பார்த்துப் பெயர் வைப்பதில்லை. கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படிக் கூப்பிடுவார். வெள்ளிப் பக்கம், பிளந்த வால், பருவம் பார்த்துக் கரையோரமாகக் கூட்டமாக வரும் பழக்கம் ஆகிய மூன்றும் டச்சுக்காரர் கண்ணிலும் ஆங்கிலேயர் கண்ணிலும் ஒரே நினைவைக் கிளப்பியிருக்கும் என்பதே என் கணிப்பு.

இதற்குத் துணையாக அட்லாண்டிக்கின் மறுகரையில் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுப் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டில் இதே போமட்டோமஸை ‘உப்புத்தண்ணீர் டெய்லர்’ என்றும், ஆற்றில் ஏறுகிற ஒரு உண்மையான ஷேட் வகையை ‘நன்னீர் டெய்லர்’ என்றும் அழைத்தார்கள். அங்கேயும் இரண்டையும் ஒரே பெயருக்குள் அடைத்திருக்கிறார்கள். கேப், நேட்டால், பொட்டோமாக் என்று மூன்று கரைகளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இந்த இரு மீன்களின் பெயர்களும் பின்னிக்கொண்டதைப் பார்த்தால், இதை மொழிபெயர்ப்பு என்பதைவிடக் கண்பழக்கம் என்று சொல்வதே பொருந்துகிறது.

டச்சுப் பெயர் ஒன்று இரண்டு கண்டங்களில் எப்படிப் பிரிந்தது என்பதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு, இந்த மீன் தின்னும் இரையிலேயே இருக்கிறது. ஹாலந்தில் ‘மார்ஸ்பாங்கர்’ என்பது பாரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீன், ஆங்கிலத்தில் ஹார்ஸ் மேக்கரல். 17ஆம் நூற்றாண்டில் இன்றைய நியூயார்க் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்கள் அந்தப் பெயரை அங்கே கிடைத்த மென்ஹேடன் என்ற மத்தி வகைக்கு வைத்தார்கள். ‘மாஸ்பங்கர்’ என்று திரிந்து, இன்று ‘பங்கர்’ என்று அமெரிக்கத் தூண்டில்காரர்கள் சொல்வது அதைத்தான். கேப்புக்கு வந்த அதே சொல் ‘மாஸ்பாங்கர்’ ஆகி, இங்கே ஹார்ஸ் மேக்கரலிலேயே சரியாக நின்றது. நியூயார்க்கில் போமட்டோமஸ் துரத்துவது பங்கரை. நம் கரையில் அதே போமட்டோமஸுக்கு மாஸ்பாங்கரும் இரை. வேட்டைக்காரன் ஒருவன்தான், இரை இரண்டு, இரைக்குப் பெயர் ஒன்று.

அறிவியல் பெயரிலாவது குழப்பம் இல்லையா என்றால், அங்கும் தொடக்கத்தில் இடறல்தான். 1766இல் லின்னேயஸ் இந்த மீனைக் கரோலினாவிலிருந்து வந்த தகவலைக் கொண்டு விவரித்தபோது, விரல் நீளமே உள்ள ஸ்டிக்கில்பேக் மீன்களின் இனத்துக்குள் போட்டார். சால்ட்டாட்ரிக்ஸ் என்றால் லத்தீனில் ஆடுபவள், துள்ளுபவள். அது பொருத்தமான பெயர். தூண்டிலில் சிக்கியதும் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். போமட்டோமஸ் என்ற இனப்பெயர் 1802இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேத் வைத்தது, கிரேக்கத்தில் மூடி, வெட்டு என்ற இரு சொற்களைக் கூட்டி. செவுள்மூடியின் விளிம்பைக் குறித்தது அது. இந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரே மீன்தான். உல்லத்துக்கு உறவுக்காரர் ஏராளம். இதற்கு நெருங்கிய உறவு என்று யாருமில்லை. அதனால்தானோ என்னவோ, போன இடமெல்லாம் பக்கத்து வீட்டு மீனின் பெயரைக் கடன் வாங்கிற்று.

மற்ற மொழிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அமெரிக்காவில் முதுகு நிறத்தை வைத்து ‘புளூஃபிஷ்’. ஆஸ்திரேலியாவில் ‘டெய்லர்’, தையல்காரர்; கத்தரி போலப் பல்லால் வலையை வெட்டுவதால் வந்த பெயர் என்பார்கள். போர்த்துகீசிய மொழியில் ‘அஞ்சோவா’. அதே சொல் உப்பிட்ட நெத்திலிக்கும் புழங்குகிறது. ஐந்து கிலோ மீனை நெத்திலிப் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்றால் பாருங்கள். கருங்கடலைச் சுற்றி ஒரே சொல் வட்டமிடுகிறது: துருக்கியில் ‘லூஃபெர்’, பல்கேரியாவில் ‘லெஃபெர்’, ருமேனியாவிலும் ரஷ்யாவிலும் ‘லூஃபார்’. துருக்கிக்காரர்கள் மட்டும் வளர வளரப் பெயரை மாற்றுகிறார்கள். மிகச் சிறியது ‘டெஃப்னே யாப்ராஃ’, அதாவது பிரியாணி இலை, அடுத்து ‘சினெகோப்’, பிறகு ‘சரிகனட்’, மஞ்சள் இறக்கை, அதன் மேல் லூஃபெர், பெரிதாகிவிட்டால் ‘கோஃபானா’. போஸ்பரஸ் நீரிணையில் இந்த மீனுக்கு இருக்கிற மரியாதை அப்படி. உணவுக்கு வேண்டிய பருமனை ஒரே சொல்லில் கேட்டு வாங்கிவிடலாம்.

இத்தாலியில் இதன் பெயர் ‘பெஷ்ஷே செர்ரா’. செர்ரா என்றால் ரம்பம். இந்த இடத்தில் கதை நம் பக்கம் திரும்புகிறது. இந்தியக் கரையில் போர்த்துகீசியர்கள் வஞ்சிரத்தை ‘செர்ரா’ என்றார்கள். ஆங்கிலத்தில் அது ‘ஸீர் ஃபிஷ்’ ஆயிற்று. ஆக, சென்னை ஓட்டல் பட்டியலில் இருக்கும் ஸீர் ஃபிஷ்ஷும் இத்தாலியச் சந்தையில் இருக்கும் செர்ராவும் ஒரே சொல். மீன்கள் மட்டும் வேறு. வஞ்சிரத்தின் அறிவியல் பெயரில் உள்ள ‘கொமர்சன்’, மொரீஷியஸில் ஆய்வு செய்து 1773இல் அங்கேயே இறந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் ஃபிலிபேர் கொமர்சன். நம் இந்தியப் பெருங்கடல் தீவுப் பக்கத்துக்கும் அந்த மீன் பெயரில் ஒரு பங்கு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உல்லம். இதுதான் அசல் ஷேட் குடும்பம். டெனுவலோசா இலிஷா என்ற அறிவியல் பெயருக்குள்ளேயே பழைய லத்தீன் அலோசாவும் வங்காளத்து இலிஷும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. 1822இல் ஹாமில்டன் கங்கை மீன்களை விவரித்தபோது உள்ளூர்ப் பெயரை அப்படியே எடுத்து ‘இலிஷா’ என்று வைத்தார். வங்காளத்தில் இலிஷ், ஒடிசாவில் இலிஷி, சிந்து ஆற்றுப் பக்கம் பல்லா, கோதாவரியில் மழைக்காலத்தில் ஆறு ஏறினால் புலசா, பர்மாவில் ங-தலௌக், பாரசீக வளைகுடாவின் தலைப்பில் இருக்கும் ஈராக்கில் ஸ்பூர். ஆங்கிலத்தில் ஹில்சா ஷேட், இந்தியன் ஷேட். இந்த ‘இந்தியன் ஷேட்’ என்ற தலைப்பின் வழியாகத்தான் டர்பன் ஷேட்டுக்கு உல்லம் என்று பிழையான தமிழ்ப் பொருள் வந்து சேர்கிறது.

உல்லத்தின் நெருங்கிய உறவு ஒன்று நம் கடலிலேயே உண்டு. ஹில்சா கெலீ என்று பெயர். மொசாம்பிக்கின் மபூட்டோ குடாவில் அதை ‘மகும்பா’ என்று சொல்லி ஏராளமாகப் பிடிக்கிறார்கள். டர்பனிலிருந்து வடக்கே போய் உண்மையான ஷேட் வேண்டும் என்று தேடினால் அதை மகும்பா என்று கேட்க வேண்டும். ஷேட் என்று கேட்டால் பல் உள்ள வேறு மீன்தான் வரும்.

இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை. வாயைத் திறந்து பாருங்கள்: டர்பன் ஷேட்டுக்கு இரண்டு தாடையிலும் ஒற்றை வரிசையில் தட்டையான, கூர்மையான பல், கீழ்த்தாடை சற்று முன்னே நீண்டிருக்கும். உல்லத்துக்குப் பல் தட்டுப்படாது. மேல் உதட்டின் நடுவில் ஒரு வெட்டு இருக்கும். முதுகைப் பாருங்கள்: டர்பன் ஷேட்டுக்கு இரண்டு துடுப்பு, முன்னது தாழ்வாக முள்ளுடன், பின்னது நீளமாக. உல்லத்துக்கு நடு முதுகில் ஒன்றே ஒன்று, முள் கிடையாது. வயிற்றில் விரலை வாலிலிருந்து தலைப் பக்கமாக ஓட்டினால் உல்லம் அரம் போலக் கீறும். டர்பன் ஷேட்டின் வயிறு வழவழப்பாக இருக்கும். இன்னொன்று, பக்கத்துடுப்பு உடம்போடு சேரும் இடத்தில் டர்பன் ஷேட்டுக்குக் கறுப்பாக ஒரு திட்டு.

பெயர் பிசகினால் சமையலும் பிசகும். வங்காளத்து இலிஷ் குறிப்பையோ பர்மியக் குறிப்பையோ ‘ஷேட் ரெசிபி’ என்று எடுத்து டர்பன் மீனில் செய்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். உல்லத்தின் சதைக்குள் இரட்டைக் கிளையாகப் பிரியும் நுண்முள் நூற்றுக்கணக்கில் உண்டு. அதனால்தான் பர்மாவில் வினிகர் ஊற்றி, தக்காளி, எலுமிச்சம்புல் போட்டு, மெல்லிய தீயில் மணிக்கணக்காக வைத்து முள்ளையே மெதுவாக்கிவிடுகிறார்கள். கொழுப்பும் உறுதியும் உள்ள உல்லம் அதைத் தாங்கும். டர்பன் ஷேட்டை அப்படி வைத்தால் அரை மணியில் கரைந்து கூழாகிவிடும். அதற்கு அந்தச் சிகிச்சையும் தேவையில்லை: நடுமுள்ளும் விலா முள்ளும் போக, தலைப் பக்கம் சதையில் ஒரு வரிசை சிறு முள்தான். இடுக்கியால் பிடுங்கிவிடலாம்.

ஒரு கிலோ ஷேட்டுக்கு டர்பன் பாணிக் குழம்பு வைப்பதானால், மூன்று செ.மீ. கனத்தில் துண்டு போடுங்கள். மெல்லிசாக நறுக்கினால் உடையும். 400 கிராம் தக்காளி, 30 கிராம் புளி, முழுப் பூண்டு ஏழெட்டுப் பல், வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, வீட்டு மசாலா இரண்டு மேசைக்கரண்டி. குழம்பு முதலில் தனியாக 20 நிமிடம் கொதித்து எண்ணெய் பிரிய வேண்டும். மீனைப் போட்ட பிறகு 8 முதல் 10 நிமிடம் போதும். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றுங்கள். புளி குறைந்தால் மீனின் எண்ணெய் வாடை மேலே வரும். தோலுக்கடியில் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்புச் சதைதான் அந்த வாடைக்குக் காரணம். பெரிய மீனாக இருந்தால் அதைச் சீவி எடுத்துவிடுவது நல்லது. சின்ன மீனில் விட்டுவிடலாம்.

மீன் பிடித்த கையோடு செய்ய வேண்டிய வேலையைத் தவறவிட்டால் எந்தப் புளியும் காப்பாற்றாது. செவுளை வெட்டி ரத்தத்தை வடிய விட்டு, குடலை எடுத்து, உடனே ஐஸில் போட வேண்டும். இந்த மீனின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். முகம் சிவப்பது, தலைவலி, அரிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் அதிலிருந்து வரும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கொதித்தாலும் வறுத்தாலும் போகாது. நாற்றமும் எப்போதும் காட்டிக்கொடுக்காது. கரையில் பிளாஸ்டிக் பையில் போட்டு மதியம் வரை வைத்திருந்த மீனை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கொக்கியை எடுக்கும்போது விரலும் ஜாக்கிரதை: தூண்டில் நரம்பையே கடித்து அறுக்கிற பல் அது. கொக்கிக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுவது அதனால்தான்.

சட்டத்துக்கும் பெயருக்கும் தொடர்பு உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் கடல்வாழ் உயிர்வளச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் இந்த மீன் ‘எல்ஃப், அதாவது ஷேட்’ என்று இரண்டு பெயரோடும் வருகிறது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 30 செ.மீ. குறைந்த அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 மீன், அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தடை. பொழுதுபோக்கு அனுமதிச் சீட்டில் பிடித்ததை விற்கக் கூடாது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பருவம் தொடங்குமுன் புது அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. மீன் கால் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும்.

தடை ஏன் அந்த மாதங்களில் என்றால், குளிர்காலத்தில் மத்திக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கேப் பக்கத்திலிருந்து நேட்டாலுக்கு ஏறி வரும் மீன், வசந்தத்தில் இங்கேதான் முட்டையிடுகிறது. முட்டையையும் குஞ்சையும் அகுல்ஹாஸ் நீரோட்டம் தெற்கே சுமந்துபோகிறது. கேப் குடாக்களில் அவை வளர்ந்து, மறுபடி வடக்கே வருகின்றன. நேட்டாலில் ஷேட்டாக முட்டையிட்டது கேப்பில் எல்ஃப்பாக வளர்ந்து, திரும்ப ஷேட்டாக வருகிறது. இந்தச் சுற்றை விளக்கிய அடிப்படை ஆய்வு டர்பன் கடலாய்வு நிறுவனத்தில் வான் டெர் எல்ஸ்ட் 1970களில் செய்தது. இரண்டும் ஒரே மீன் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டாம்.

ஷேட் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு டர்பனில் மீன் வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில பொறிகள் உண்டு. ‘கிங்ஃபிஷ்’ என்று இந்தியச் சமையல் குறிப்பில் இருந்தால் அது வஞ்சிரம். அதே சொல்லை விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் சொன்னால் பாரை கொடுப்பார்கள். வஞ்சிரம் வேண்டுமென்றால் ‘கூட்டா’ அல்லது கிங் மேக்கரல் என்று கேளுங்கள். கூட்டா என்பது பாரக்கூடாவின் வால். ஆனால் மீன் பாரக்கூடா அல்ல. இதற்காக டர்பன்காரர்களைச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. சென்னையில் சீலா என்றால் பாரக்கூடா, தூத்துக்குடியில் சீலா என்றால் வஞ்சிரம். அங்கே பாரக்கூடாவுக்கு ஊளி என்று பெயர். இரண்டு நீள மீனையும் ஒன்றாகப் பார்த்த கண் தமிழிலும் இருந்திருக்கிறது. ‘ஸ்னூக்’ என்று டர்பனில் சொல்வது பெரும்பாலும் வஞ்சிரத்தின் தம்பியான குவீன் மேக்கரல். கேப் ஸ்னூக் குளிர்ந்த நீர் மீன், இந்தப் பக்கம் புதிதாகக் கிடைக்காது. ‘சால்மன்’ என்றால் டர்பனில் கோப், ‘கேப் சால்மன்’ என்றால் ஹீல்பெக். இரண்டும் கத்தாழைக் குடும்பம். ‘இந்தியன் சால்மன்’ என்று தமிழ்நாட்டில் விற்பது காலா. மூன்றில் ஒன்றுகூடச் சால்மன் இல்லை. ‘ராக் காட்’ என்பது களவா. குழம்புக்குப் பயமில்லாமல் வாங்கலாம்.

கடைசியாக, இந்த மீனுக்குத் தமிழில் என்ன பெயர்? நிலைத்த பெயர் எதுவும் இல்லை. தமிழ்நாட்டுக் கரைச் சந்தைகளில் பழகிய மீன் அல்ல இது. 1860 நவம்பரில் ‘டிரூரோ’ கப்பலிலும் அதன் பின்னும் சென்னைத் துறைமுகம் வழியாக நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளில் பலர் வட ஆற்காடு, செங்கல்பட்டு போன்ற மாவட்டங்களில் கடலை விட்டுத் தள்ளியிருந்த ஊர்க்காரர்கள். விரால், கெண்டை, கெளுத்தி அவர்களுக்குத் தெரியும். கடல்மீன் பெயர்கள் அவ்வளவு இல்லை. ஒப்பந்தம் முடித்து டர்பன் குடாவில் இழுவலை போட்ட குடும்பங்களும், புது மீனுக்குத் துறைமுகத்தில் புழங்கிய பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஆயா சொன்ன ‘ஷேட்’ அப்படி வந்ததுதான். நேட்டால் தமிழில் அது இனி தமிழ்ச் சொல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

புளூஃபிஷ்ஷைப் பெயர்த்து ‘நீலமீன்’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு எந்தத் தமிழ் மீன்காரரும் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டார். உல்லம் என்று எழுதுவது அதைவிட மோசம்; அவர் வேறு மீனை எடுத்துக் கொடுத்துவிடுவார். சென்னை உறவுக்காரர்களுக்கு ‘டர்பன் ஷேட்’ என்றே எழுதி, ஒரு முறை பக்கத்தில் போமட்டோமஸ் சால்ட்டாட்ரிக்ஸ் என்று சேர்த்துவிடுங்கள். அங்கே அதற்கு மாற்றாக என்ன வாங்குவது என்று கேட்டால், குழம்புக்கு அயிலை சொல்லலாம்: எண்ணெய்ச் சதை, அதே கருஞ்சிவப்புப் பட்டை, அதே அளவு புளி தாங்கும். வேகும் நேரத்தை மட்டும் ஆறேழு நிமிடமாகக் குறைக்கச் சொல்லுங்கள்.